வழுவும் வழுவமைதியும்: சீகிரியாச் சுவரும் மென்பொருள் நூலகமும்

சீகிரியாக் குன்றின் மேற்குப் புறத்தில், ஓவியப் பெண்டிர் தீட்டப்பெற்ற பாறைக் குடைவுக்குக் கீழே, நடைவழியின் வெளிப்புறத்தே நீண்டு செல்லும் செங்கற் சுவரொன்று உண்டு. முதலாம் காசியப்பன் (477–495) காலத்தது எனக் கொள்ளப்படும் அச்சுவர் சாந்து பூசி மெருகேற்றப்பட்டது. அம்மெருகினாலேயே கண்ணாடிச் சுவர் என்னும் பெயரைப் பெற்றது. மெருகிட்ட சுவரிற் கூரிய பொருளாற் கீறுதல் சுவருக்குச் செய்யும் ஊறு என்பதில் ஐயமில்லை. ஆயினும், பெரும்பாலும் எட்டாம் நூற்றாண்டு முதற் பத்தாம் நூற்றாண்டு வரையுள்ள காலத்தில் அங்கு வந்து சென்றோர் பலர் அவ்வூற்றினை மனங்கூசாது செய்தனர். ஓவியப் பெண்களை விளித்தும் வியந்தும், சிலவேளை எள்ளியும், அவர்கள் கீறிவைத்த சிங்களச் செய்யுள்களுள் 685ஐ வாசித்துப் பேராசிரியர் செனரத் பரணவிதான 1956 இல் இரு தொகுதிகளாகப் பதிப்பித்தார். ஒக்ஸ்போர்ட் பல்கலைக்கழக அச்சகம் அதனை வெளியிட்டது.

சுவரை அமைத்தோனின் நிலையில் நின்று நோக்குமிடத்து இச்செய்யுள்கள் யாவும் பழுதுகளே. மெருகு கெடாதிருத்தல் அச்சுவரின் இலக்கணம். கீறல் அவ்விலக்கணத்துக்கு வழு. கடமையுணர்வு மிக்க பழுதுபார்ப்போன் ஒருவன் இன்று புதுச்சாந்து பூசிச் சுவரைப் பழைய பளபளப்புக்குக் கொண்டுவருவானாயின், அவன் செய்வது அமைத்தோன் கருத்துக்கு முற்றிலும் இயைந்த திருத்தமேயாகும். எனினும் அத்திருத்தத்தோடு இடைக்காலச் சிங்கள மொழியின் வரலாற்றுக்குரிய முதன்மையான சான்றொன்று மறைந்துபோம். பரணவிதான தமது முதற்றொகுதியில் அச்செய்யுள்களின் எழுத்து வடிவங்களையும் இலக்கண அமைதிகளையும் விரிவாக ஆராய்ந்துள்ளார். பின்வந்த ஆய்வாளர் அவ்வாராய்ச்சியை அடிநிலையாகக் கொண்டனர். பழுதினை நீக்கினால், பழுதின்மேல் எழுந்த கட்டடமும் உடன் சரியும்.

இதனைக்கொண்டு பழுதுகள் யாவும் பேணற்குரியன எனக் கூறிவிடலும் ஆகாது. 1967 இல் சீகிரியா ஓவியங்களின் மீது சிலர் சாயத்தைப் பூசிப் பாழ்படுத்தினர். இத்தாலிய நிபுணர் லூசியானோ மரன்சியின் முயற்சியால் அச்சாயம் அகற்றப்பட்டது. அதனைப் பேணுதற்கு நியாயம் எதுவும் இருக்கவில்லை. ஏனெனில் அதன்மேல் எவரும் எதனையும் எழுப்பியிருக்கவில்லை. 2015 இல் அதே கண்ணாடிச் சுவரில் எழுதிய இளம்பெண் ஒருவருக்கு நீதிமன்றம் ஈராண்டுச் சிறைத்தண்டனை விதித்தது. பின்னர் சனாதிபதியின் மன்னிப்பால் அவர் விடுதலையானார். தண்டனையின் கடுமை தனியே ஆராயத்தக்கது. இங்கு நோக்கற்பாலது வேறொன்று. கீறுதல் என்னும் செயல் ஒன்றே. ஒரு கீறல் பதிப்பிக்கத்தக்க இலக்கியமாகவும் மற்றொன்று சிறைக்குரிய குற்றமாகவும் கொள்ளப்படுகின்றது. சுவரை மட்டும் உற்றுநோக்கி இவ்வேறுபாட்டை எவராலும் கண்டறிய இயலாது. அதன்மேற் சாய்ந்து நிற்போர் யாவர் என்பதை அறிந்த பின்னரே அது புலனாகும்.

மென்பொருள் ஆக்கத் துறையில் நாள்தோறும் எழும் வழக்கொன்றின் கரு இச்சுவரிலே தெளிவாகக் காணப்படுகின்றது. நிரல் எழுதுவோர் தமக்கு வேண்டிய கருமங்கள் அனைத்தையும் தாமே எழுதுவதில்லை. நாட்களைக் கணித்தல், சொற்களை அகரவரிசைப்படுத்தல், எழுத்துகளைத் திரையிற் காட்டுதல் போன்றவற்றுக்குப் பிறர் எழுதிவைத்த நிரற்றொகுதிகளைத் தம் நிரலோடு இணைத்துக்கொள்வர். இத்தொகுதியே மென்பொருள் நூலகம் எனப்படுவது. பெயர் அத்துணைப் பொருத்தமானதன்று. நூலகத்தில் இரவல் பெற்ற நூலின் சொற்கள், அந்நூல் வாசகன் வீட்டில் இருக்கையில், ஓரிரவிலே மாறிவிடுவதில்லை. மென்பொருள் நூலகமோ புதுப்பதிப்பாக வந்து பழையதன் இடத்தில் அமர்ந்துகொள்ளும். ஆக்கியோன் ஒருவன், அவனை அறியாத, அவனும் அறியாத பயன்கொள்வோர் பல்லாயிரவர். ஆக்கியோன் தன் நூலகத்தில் ஒரு வழுவைக் கண்டு திருத்துகின்றான். மறுநாள் எங்கோ நன்றாக இயங்கிய நிரலொன்று நின்றுபோகின்றது. அந்நிரலை எழுதியோன் அவ்வழுவையே இயல்பெனக் கொண்டு, அதற்கேற்பத் தன் நிரலை வளைத்திருந்தான். இந்நிலையில் நிகழ்ந்தது திருத்தமா, முறிவா?

இவ்வினாவை எதிர்கொள்ளும் நூல்களுட் பெரிதும் பின்பற்றப்படுவது, டொம் பிரெஸ்டன்-வேர்னர் வகுத்த 'செமாண்டிக் வேர்சனிங்' எனும் பதிப்பெண் விதித்தொகுதியாகும். அதன் இரண்டாம் பதிப்பு 2013 இல் வெளிவந்தது. பதிப்பெண் மூன்று உறுப்புகளாலானது. பழையதோடு பொருந்தாத மாற்றம் செய்யின் முதல் எண் உயரும்; பழையதைக் கெடுக்காது புதிய வசதி சேர்ப்பின் இரண்டாம் எண் உயரும்; பழையதைக் கெடுக்காது வழு நீக்கின் மூன்றாம் எண் உயரும். பயன்கொள்வோர் எண்ணைப் பார்த்தே அஞ்சவேண்டுமா, அமைதியாயிருக்கலாமா என அறிந்துகொள்ளலாம். எளிமையும் பயனும் மிக்க ஏற்பாடு இது என்பதை மறுத்தற்கில்லை.

ஆயினும் இவ்வேற்பாட்டின் அடித்தளத்தில் ஓர் ஊகம் மறைந்துள்ளது. வழுநீக்கம் என்பதை அவ்விதிகள், தவறான நடத்தையைத் திருத்தும் உள்மாற்றம் என வரையறுக்கின்றன. தவறான நடத்தையை எவரும் நம்பியிரார் என்ற எண்ணமின்றி இவ்வரைவிலக்கணம் நில்லாது. வழு என்பது நூலகத்துக்கும் அதன் விதிக்கும் இடைப்பட்ட உறவாக மட்டும் கொள்ளப்படுகின்றது. அதனைப் பயன்கொள்வோன் இவ்வுறவிற் காணப்படவில்லை. இக்குறையை விதி வகுத்தோர் உணராமலில்லை. வினாவிடைப் பகுதியில் இதே சிக்கல் எழுப்பப்பட்டு, பயன்கொள்வோர் பெருந்தொகையினராயிருந்து பெரிதும் பாதிக்கப்படுவராயின், கண்டிப்பாக நோக்கின் அது சிறு திருத்தமே எனினும் முதல் எண்ணையே உயர்த்துதல் நன்றாகலாம் என்றும், ஆக்கியோன் தன் நல்லறிவைப் பயன்படுத்துக என்றும் விடை கூறப்படுகின்றது. விதி முழுமையும் எழுந்ததே ஆக்கியோனின் தனியறிவை நம்பியிராமைக்காக. மிகக் கடினமான இடம் வந்ததும் விதி தன் பொறுப்பை அத்தனியறிவிடமே திருப்பிக் கொடுத்துவிடுகின்றது. முதல் எண்ணை உயர்த்துதலும் எச்சரிக்கை மணி அடித்தலேயன்றி வேறன்று. மணி அடித்த பின்னரும் சுவர் பூசப்பட்டுவிடும்.

கூகிள் நிறுவனத்தின் அனுபவத்தினடியாக ஹைரம் ரைட் கூறிய கருத்தொன்று இவ்விடத்து நினைக்கத்தக்கது. பயன்கொள்வோர் தொகை போதிய அளவு பெருகிவிட்டால், ஆவணத்தில் எதை வாக்களித்திருப்பினும், வெளியே புலப்படும் நடத்தை ஒவ்வொன்றையும் எவரேனும் ஒருவர் நம்பியிருப்பர் என்பது அதன் சாரம். இது விதியெனப் பெயர் பெற்றிருப்பினும் உண்மையில் ஓர் அவதானிப்பே. என்ன செய்யவேண்டும் என்பதை அது கூறவில்லை. 2010 இன் இறுதியில் லினக்ஸ் உலகில் எழுந்த பூசல் இதற்குத் தக்க சான்று. நினைவகத்தின் ஒரு பகுதியை இன்னோரிடத்துக்குப் படியெடுக்கும் செயற்கூறு ஒன்று குனூ சி நூலகத்தில் உண்டு. மூலமும் படியும் ஒன்றன்மேல் ஒன்று கவியுமாயின் அதனைப் பயன்படுத்தலாகாது, அதற்கென உள்ள வேறொன்றையே பயன்படுத்தவேண்டும் என்பது மொழியின் விதி. வேகத்தின் பொருட்டு அச்செயற்கூறு சில செயலிகளிற் பின்னிருந்து முன்னாகப் படியெடுக்குமாறு மாற்றப்பட்டது. விதியை மீறியிருந்தும் அதுவரை தற்செயலாற் பிழைத்திருந்த அடோபி பிளாஷ் மென்பொருளின் ஒலி, பெடோரா 14 இற் சிதைந்தது. விதியை மீறியோன் குற்றமே குற்றம் என்றனர் ஒரு சாரார். பயன்கொள்வோன் ஒலிதான் கெட்டது, அவனுக்கு விதியைக் காட்டி என்ன பயன் என்று வாதிட்டார் லினஸ் டோர்வால்ட்ஸ். முடிவிற் செய்யப்பட்டது இரு சாராரின் கூற்றையும் விட நுட்பமானது. 2011 இல் வெளிவந்த 2.14 ஆம் பதிப்பில் அச்செயற்கூறு இரு வடிவங்களில் வைக்கப்பட்டது. முன்னர் தொகுக்கப்பட்ட நிரல்களுக்குப் பழைய பாதுகாப்பான வடிவம், புதிதாகத் தொகுக்கப்படுவனவற்றுக்குப் புதியது. உண்மையில் அது வழுநீக்கங்கூட அன்று, வேகம் கருதிய மாற்றமே. எனினும் சாய்ந்து நிற்போனை விழவிடாது சுவரைப் பெயர்க்க வழியுண்டு என்பதற்கு அது எடுத்துக்காட்டாகும்.

தொல்பொருட் பாதுகாப்புத் துறை இச்சிக்கலை மென்பொருளாளர்க்குப் பன்னெடுங்காலம் முன்னரே எதிர்கொண்டது. 1964 இல் வெனிஸ் நகரிற் கூடிய கட்டடக்கலைஞரும் நிபுணரும் நினைவுச்சின்னங்களின் பாதுகாப்புக்கென வகுத்த சாசனம், பதிப்பெண் விதிகளோடு ஒப்பவைத்து வாசிக்கத்தக்கது. ஒரு கட்டடத்துக்கு எல்லாக் காலங்களும் செய்த தகுதியான பங்களிப்புகள் மதிக்கப்படல் வேண்டும், ஒரே காலத்துப் பாணிக்கு மீட்டல் நோக்கமன்று என்கின்றது அதன் பதினோராம் உறுப்புரை. இதன்படி கண்ணாடிச் சுவரின் செய்யுள்கள், அமைத்தோன் கருத்துக்கு மாறாயினும், சுவரின் உறுப்புகளே. மேற்படையை நீக்கி அடிப்படையைக் காட்டுதல் அருகியே நிகழவேண்டும் எனக் கூறிய சாசனம், எதனை அழிக்கலாம் என்ற தீர்ப்பு பணிக்குப் பொறுப்பானவர் ஒருவரிடம் மட்டும் தங்கியிருத்தலாகாது எனவும் கூறுகின்றது. பதிப்பெண் விதி கைவிட்ட இடத்தை இச்சாசனம் பற்றிப்பிடித்துள்ளது என்பது கூர்ந்து நோக்கற்பாலது. ஆக்கியோனின் நல்லறிவே போதும் என்கின்றது ஒன்று. அது போதாது என்கின்றது மற்றொன்று. புதிதாகச் சேர்ப்பது பழையதினின்று வேறு பிரித்தறியத்தக்கதாய் இருக்கவேண்டும், செய்த பணி யாவும் பதியப்பட்டுப் பிறர் காணக் கிடைக்கவேண்டும் என்பனவும் அச்சாசனத்தின் கட்டளைகள். கல்லுக்கும் சாந்துக்கும் எழுதிய இவ்விதிகள் நிரலுக்கு அளவெடுத்தாற்போற் பொருந்துகின்றன.

தமிழ் மரபுக்கும் இது புதியதன்று. நிரலிற் காணும் பிழைக்கு வழு என்ற சொல்லைத் தெரிந்தெடுத்த தமிழ்க் கணினியாளர், அறிந்தோ அறியாமலோ, ஓர் இலக்கணக் கோட்பாட்டையே உடன் அழைத்து வந்துவிட்டனர். தொல்காப்பியச் சொல்லதிகாரமும் நன்னூலும் திணை, பால், இடம், காலம் முதலியவற்றிற் பிறழ்வதை வழு என்கின்றன. ஆனால் சொற்றொடரை வழாநிலை, வழு என இரண்டாக வகுத்து அவை அமையவில்லை. வழுவமைதி என மூன்றாவதொன்றையும் வைத்துள்ளன. உவப்பு மிகுதியாற் பசுவை அம்மை என அழைத்தல் திணை வழுவே, எனினும் ஏற்புடைத்து. அது வழுவன்று எனச் சாதிக்காமலும், வழுவாதலின் நீக்குக எனக் கடியாமலும், வழுவென அறிந்தே அமைத்துக்கொள்கின்றது இலக்கணம். பிழை என்றும் சரி என்றும் இரண்டு அறைகளை மட்டுமே உடைய பதிப்பெண் விதிக்கு இம்மூன்றாம் அறை இல்லை. இக்கோட்பாட்டைத் தமிழரின் முன்னறிவெனப் பாராட்டி அமைந்துவிடுதல் எளிது. அதன் குறையும் காணத்தக்கது: அமைதி வழங்கும் அதிகாரம் இலக்கணகாரரிடமே இருந்தது. எவர் வழக்கு அமைதி பெற்றது, எவர் வழக்குக் கொச்சையெனக் கழிக்கப்பட்டது என வினவின் உயர்ந்தோர் வழக்கு என்ற விடையே கிடைக்கும். வெனிஸ் சாசனம் எழுப்பிய வினா இங்கும் எஞ்சிநிற்கின்றது.

கணினியில் தமிழ் எழுத்து அமைந்த வரலாற்றில் இவ்வினா பலருடைய அன்றாட வாழ்வைத் தொட்டது. உலக மொழிகளின் எழுத்துகள் யாவற்றுக்கும் எண் வழங்கும் ஒருங்குறி, தமிழுக்கு அமைத்த இருக்கைகளிற் குறைகள் உண்டு. ஆய்த எழுத்துக்கு அதன் அதிகாரபூர்வப் பெயர் தமிழ் விசர்க்கக் குறி என்பதாகும். வடமொழி விசர்க்கம் வேறு, ஆய்தம் வேறு என்பது பள்ளி மாணவனும் அறிந்தது. எனினும் அப்பெயர் மாறாது. பெயரையும் எண்ணையும் நம்பி உலகெங்கும் நிரல்கள் எழுதப்பட்டுள்ளமையால், ஒருமுறை இட்ட பெயரை எக்காரணத்துக்காகவும் மாற்றுவதில்லை என்பது ஒருங்குறி அமைப்பின் உறுதிமொழி. அடைப்புக்குறியொன்றின் ஆங்கிலப் பெயரில் எழுத்து இடம்மாறி அச்சாகிவிட்ட வெளிப்படையான பிழையும் அவ்வாறே நிலைத்துள்ளது. பிழையை அழிக்காது, பக்கத்தே திருத்தப்பெயரைப் பதிந்துவைத்தல் அவர்கள் வழக்கம். மூலத்தில் உள்ளதை உள்ளவாறே அச்சிட்டு, தம் திருத்தத்தை அடிக்குறிப்பில் தரும் நல்ல பதிப்பாசிரியனின் ஒழுக்கமும் இதுவே.

இவ்வுறுதிமொழி பட்டறிவினாற் பிறந்தது. 1996 இல் வெளிவந்த ஒருங்குறி இரண்டாம் பதிப்பில், கொரிய அசையெழுத்துகள் முன்னிருந்த இடத்தினின்று அகற்றப்பட்டன. 6,656 எழுத்துகளுக்குப் பதிலாக 11,172 எழுத்துகள் வேறோர் இடத்தில் முறைப்படி அமர்த்தப்பட்டன. கொரிய எழுத்தின் அமைப்புக்கு அது மிகச் சிறந்த திருத்தம். அதற்கு முன் எழுதப்பட்ட கொரிய ஆவணங்களுக்கோ அது முறிவு. ஒருங்குறியின் பயன்பாடு அந்நாளிற் குறைவாயிருந்தமையால் அது பொறுக்கப்பட்டது. இனி எவ்வெழுத்தையும் பெயர்ப்பதில்லை என்ற முடிவு அதன் பின்னரே உறுதியாயிற்று. கொரியருக்குக் கிடைத்த திருத்தம் தமிழருக்கு ஏன் கிடைக்கலாகாது என்ற குரல் பின்னர் எழுந்தது. உயிர்மெய் எழுத்து ஒவ்வொன்றுக்கும் தனியெண் வழங்கும் அனைத்தெழுத்துக் குறியாக்கம் அக்குரலின் விளைவே. தமிழ்நாடு அரசு 2010 இல் ஒருங்குறியையே தகுதரமாக ஏற்று, ஒருங்குறி இயங்காத இடங்களுக்கு மாற்றாக அக்குறியாக்கத்தையும் ஏற்றது. மெய்யும் உயிரும் புணர்ந்த எழுத்தை மெய் முதலாகப் பகுக்காது, அகரமேறிய மெய்யையும் குறியையும் கூட்டிக் காட்டும் ஒருங்குறி முறை தமிழ் இலக்கணத்தோடு இயையாதது என்ற முறைப்பாட்டில் உண்மை உண்டு. ஆனால் 2010 அளவில் இணையத்திற் குவிந்திருந்த தமிழ் எழுத்தின் பெரும்பகுதி அவ்வியையாத முறையிலேயே எழுதப்பட்டிருந்தது. தமிழ் விக்கிப்பீடியாவே 2003 இல் தொடங்கிவிட்டது. முறைப்பாடு செய்தோர் வழுவின் விலையைக் கணக்கிட்டனர். திருத்தத்தின் விலையைக் கணக்கிட்டாரல்லர். அதேவேளை, உறுதிமொழியைக் காத்தோர் தரப்பிலும் ஓர் அநீதி உண்டு. முந்தி வந்து உரத்துக் கேட்டோர்க்குத் திருத்தம், பிந்தி வந்தோர்க்கு உறுதிமொழி என முடிந்ததை வெறும் தொழினுட்ப நியாயமாகக் காட்டுதல் பொருந்தாது.

இலங்கையரின் வாயில் நாள்தோறும் வழங்கும் 'ஸ்ரீ' என்ற எழுத்தின் கதை இவையெல்லாவற்றையும் விடச் சிக்கலானது. முதலிற் சிங்கள ஸ்ரீயை நோக்கலாம். சிங்கள எழுத்தில் அதனைக் கூட்டெழுத்தாக எழுதுதற்கு, இரு எழுத்துகளுக்கிடையே கண்ணுக்குப் புலப்படாத இணைப்புக்குறியொன்றை இடவேண்டும். 2003 இல் வந்த பன்மொழி ஆள்களப் பெயர் விதி, புலப்படாத குறிகளால் ஏமாற்று விளையும் என அஞ்சி, அக்குறியைச் சொல்லாமலே உதிர்த்துவிட்டது. சிங்களத்துக்கு அது வழு. கூட்டெழுத்தின் உயிரையே எடுத்துவிட்டதாயிற்று. 2010 இல் வெளியான திருத்திய விதி அக்குறியை உரிய இடங்களில் அனுமதித்தது. திருத்தம் நேர்மையானது. விளைவு யாதெனில், ஸ்ரீ எனத் தொடங்கும் ஒரே பெயரை ஒரே விதமாகத் தட்டெழுதினும், பழைய விதிப்படி இயங்கும் உலாவி ஓரிடத்துக்கும் புதிய விதிப்படி இயங்கும் உலாவி வேறோரிடத்துக்கும் செல்லலாயிற்று. அவ்விரு இடங்களுக்கும் உரியோர் இருவராயிருக்கலாம், ஒருவர் கள்வராயுமிருக்கலாம். ஜேர்மன் மொழியின் இரட்டைச் சகரமும் கிரேக்கத்தின் இறுதிச் சிக்மாவும் இதே நிலையை அடைந்தன. இச்சிக்கலை விளக்கிய ஒருங்குறி அமைப்பின் ஆவணம் சிங்கள ஸ்ரீயையே எடுத்துக்காட்டாக ஆண்டது. .இலங்கை என்னும் தமிழ் ஆள்களமும் அதன் சிங்கள இணையும் அதே 2010 இல் வழங்கப்பட்டன என்பதையும் இங்கு நினைத்தல் தகும்.

இவ்விடத்துச் செய்யப்பட்டவை பாடம் கற்பிப்பன. ஒருங்குறி அமைப்பு இடைக்கால முறையொன்றை வகுத்து, பழைய பொருளிலேயே பெயர்களை வாசிக்க உலாவிகளுக்கு வழிசெய்தது. 2023 இல் அம்முறை கைவிடத்தக்கதென அறிவித்தது. திருத்தம் எழுதப்பட்டதற்கும் பழைய வழி மூடப்பட்டதற்கும் இடையே பதின்மூன்று ஆண்டுகள். ஜேர்மன் பதிவகமோ இன்னும் ஒருபடி மேலே சென்று, புதிய எழுத்தைக் கொண்ட பெயரைப் பொதுவிற் பதியத் திறக்குமுன், பழைய முறையில் அப்பெயரை வைத்திருந்தோர்க்கு 2010 இல் முன்னுரிமைக் காலமொன்றை வழங்கியது. யார் சாய்ந்து நிற்கின்றார் எனத் தேடி, அவரை முதலில் அழைத்த செயல் அது.

தமிழ் ஸ்ரீக்கு அத்தகைய அழைப்பு எதுவும் கிடைக்கவில்லை. 2005 வரை ஒருங்குறியில் அதனை ஸகர மெய்யையும் ரீகாரத்தையும் கூட்டி எழுதினர். வடமொழிச் சொல்லின் முதல் ஒலி ஸகரமன்று, ஶகரம். 2005 இல் வந்த 4.1 ஆம் பதிப்பு 'ஶ' என்னும் கிரந்த எழுத்தைத் தமிழிற் சேர்த்தது. அதன் பின் ஸ்ரீயை ஶகரத்தால் எழுதுதலே தக்கது என்றாயிற்று. ஒலிநூல் வழியே பார்ப்பின் பிழை நீங்கியது. ஆனால் திரையிலும் தாளிலும் இரண்டும் ஒரே வடிவமாகவே தோன்றின; பழைய எழுத்துருக்களும் விசைப்பலகைகளும் பழைய வழியிலேயே எழுதின; புதியன புதிய வழியில் எழுதின. கணினிக்கு இவை இரு வேறு சொற்கள். எழுத்துத்தொடர்களை ஒருமைப்படுத்தும் பொதுவிதிகளும் இவ்விரண்டை ஒன்றாக்குவதில்லை. ஆகவே ஒரு பதிவேட்டில் ஸ்ரீதரன் என்ற பெயர் ஒரு வழியில் எழுதப்பட்டு, தேடுவோன் விசைப்பலகை மறுவழியில் எழுதுமாயின், அப்பெயருடையவர் அப்பதிவேட்டில் இல்லை என்ற விடையே வரக்கூடும். கண்முன்னே பெயர் இருக்கின்றது. கணினி இல்லை என்கின்றது. ஸ்ரீகாந்தன், ஸ்ரீதேவி, ஸ்ரீஸ்கந்தராசா என்றெல்லாம் பெயர் பூண்ட சமூகமொன்றில் இது சிறு இடரன்று.

1978 இல் தமிழ்நாடு அரசு மேற்கொண்ட எழுத்துச் சீர்திருத்தத்தை இதனோடு ஒப்பிடின் வேறுபாடு துலங்கும். ணா, றா, னா, லை, ளை முதலிய பதின்மூன்று எழுத்துகளின் உருவம் அன்று மாறிற்று. துதிக்கை போல் வளைந்த பழைய ஐகாரக் குறி அவ்வெழுத்துகளினின்று விடைபெற்றது. கண்ணுக்குப் புலப்படும் மாற்றம் அது. ஆகையால் எவரும் ஏமாறவில்லை; பழைய நூலை எடுத்தவர் பழைய உருவத்தைக் கண்டு அறிந்துகொண்டனர், சில காலம் இரண்டும் அருகருகே வழங்கின. பின்வந்த ஒருங்குறியிலும் அவ்வெழுத்துகளின் எண் ஒன்றே. எழுத்துருவை மாற்றினாற் பழைய உருவமும் வரும், புதிய உருவமும் வரும். 1978 இன் மாற்றம் கண் காண்பதை மாற்றி, உள்ளிருப்பதை மாற்றவில்லை. 2005 இன் திருத்தம் உள்ளிருப்பதை மாற்றி, கண் காண்பதை மாற்றவில்லை. முன்னதனைப் பழமைப் பற்றாளர் பலர் எதிர்த்து எழுதினர். பின்னது நிகழ்ந்ததே பலருக்குத் தெரியாது. புதியதைப் பழையதினின்று பிரித்தறியத்தக்கதாக வைக்கவேண்டும் என்ற வெனிஸ் சாசனத்தின் கட்டளை இங்கு முற்றாக மீறப்பட்டுள்ளது எனலாம்.

ஒருங்குறி அமைப்பு இதனைப் பின்னர் உணர்ந்தது. பழைய வழியும் புதிய வழியும் பரவலாக வழங்குவதால் இரண்டையும் ஒன்றெனவே கொண்டு நடத்துதல் நன்று என அதன் தகுதரநூல் பரிந்துரைக்கின்றது. வழுவமைதி வழங்கப்பட்டுவிட்டது. ஆனால் பரிந்துரை கட்டளையன்று. அதனைப் பின்பற்றவேண்டிய பொறுப்புத் தேடுபொறிகள், தரவுத்தளங்கள், விசைப்பலகைகள் ஆகியவற்றை ஆக்கும் எண்ணற்ற கைகளிற் சிதறிக் கிடக்கின்றது. அவர்களுட் பலர் தமிழ் அறியாதவர். எக்செல் மென்பொருளில் 1900 பெப்ரவரி 29 என்னும் நாள், உலகில் என்றுமே விடியாத அந்நாள், லோட்டஸ் 1-2-3 செய்த பிழையோடு பொருந்தும்பொருட்டு வேண்டுமென்றே பேணப்படுகின்றது. கணக்காளர் சாய்ந்த சுவர் அவ்வாறு காக்கப்பட்டது. டொனால்ட் கினுத் தாம் ஆக்கிய டெக் அச்சுக்கோப்பு மென்பொருளில், தம் மறைவுக்குப் பின் எஞ்சும் வழுக்கள் யாவும் இயல்புகளாகவே கொள்ளப்படுக எனத் தாமே எழுதிவைத்துவிட்டார். அதன் பதிப்பெண் பை என்னும் எண்ணை நோக்கி ஒவ்வோர் இலக்கமாக நீண்டு, அன்று பையாகவே முடியும். தனியொருவர் ஆக்கத்துக்கு அத்துணிவு இயலும். ஓர் எழுத்தைப் பொதுவில் ஆளும் சமூகத்துக்கு அவ்வாறு ஒருநாளைக் குறித்து வழுவைப் பூட்டிவிட இயலாது.

இப்பக்கங்களில் 'ஸ்ரீ' என்பது பலமுறை வந்துள்ளது. தாளில் அதற்கு உருவம் ஒன்றே. அச்சுக்குக் கொடுத்த கோப்பில் அது ஸகரத்தால் எழுதப்பட்டதா, ஶகரத்தால் எழுதப்பட்டதா, ஓரிடத்தில் ஒன்றாகவும் வேறோரிடத்தில் மற்றொன்றாகவும் உள்ளதா என்பதைத் தாளைப் பார்த்து எவராலும் கூற இயலாது.